வீட்டில் செய்யும் ஆர்கேட் கேபினட்டுக்கு எந்தத் திரை?

கேள்வி இதுதான்: நின்று ஆடும் உயரத்தில் முழு ஆர்கேட் கேபினட் (காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி) ஒன்று செய்ய வேண்டும். வெளியகலம் 635 மி.மீ., பக்கப் பலகைகள் 18 மி.மீ. ப்ளைவுட், மரம் இன்னும் அறுக்கவில்லை. உள்ளே ஒரு கணினியில், பழைய ஆர்கேட் ஆட்டங்களை ஓட்டும் மேம் என்ற மென்பொருள் ஓடும். ஆட்டங்கள் 80களும் 90களும்: பேக்-மேன், கேலகா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, மெட்டல் ஸ்லக். வீட்டில் சும்மா இருக்கும் 32 இன்ச் டிவியை மாட்டுவதா, 27 இன்ச் மானிட்டர் புதிதாக வாங்குவதா, பழைய 19 இன்ச் சதுர மானிட்டரைத் தேடுவதா?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 27 இன்ச், 2560×1440, ஐபிஎஸ் பேனல் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் கெடாத எல்சிடி வகை), 120 ஹெர்ட்ஸுக்கு மேல், மாறும் ரெஃப்ரெஷ் வசதி (ஆட்டத்தின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வது). இப்படி ஒரு மானிட்டர் வாங்கி, அதற்கேற்ப கேபினட்டின் உள்ளகலத்தை 630 மி.மீ. ஆக்குங்கள். திரையைச் சுழற்றி நிற்க வைத்தும் படுக்க வைத்தும் ஆட வேண்டும் என்றால் மட்டும் விடை மாறும். அதைப் பிறகு பார்ப்போம்.

பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் கணக்கு மூலைவிட்ட அளவு. பழைய ஆட்டங்களுக்கு அது உதவாது. அந்தக் காலத்துப் படம் 4:3 விகிதம். இன்றைய பேனல் 16:9. ஆகவே படம் பேனலின் உயரத்தை மட்டுமே நிரப்பும், இரு பக்கமும் கறுப்பாக நிற்கும். நீங்கள் வாங்குவது உண்மையில் உயரத்தைத்தான். 21.5 இன்ச் அகலத் திரையின் உயரம் 268 மி.மீ. 24 இன்ச் என்று விற்கும் 23.8 இன்ச் பேனலில் 296. 27 இன்ச்சில் 336. 32 இன்ச் என்று விற்கும் 31.5 இன்ச்சில் 392. பழைய 19 இன்ச் 5:4 சதுர மானிட்டரில் 4:3 படம் 376×282 மி.மீ. வரும். அதாவது அந்தப் பழைய சதுரம் 21.5 இன்ச் அகலத் திரையை விடப் பெரிய படம் காட்டும். 24 இன்ச்சுக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். 80களின் கேபினட்டுகளில் மிகப் பரவலாக இருந்தது 19 இன்ச் பிக்சர் ட்யூப். அதன் படம் படுக்கை நிலையில் சுமார் 280 முதல் 290 மி.மீ. உயரம். 24 இன்ச் பேனல் படுக்கை ஆட்டங்களில் இதை எட்டிவிடுகிறது. ஆனால் பேக்-மேனும் கேலகாவும் நிற்கும் திரை ஆட்டங்கள்: ட்யூபை 90 பாகை திருப்பி வைத்து, சுமார் 290 அகலம், 385 உயரத்தில் ஓடியவை. படுக்கையாக வைத்த 24 இன்ச்சில் பேக்-மேன் 222×296 மி.மீ. என்று சுருங்கிவிடும். 27 இன்ச்சில் 252×336. நின்று ஆடும் தூரத்துக்கு இது போதும். 32 இன்ச்சில் 294×392, ஏறத்தாழ அசல் அளவேதான். நிற்கும் ஆட்டங்கள் உங்களுக்கு உயிர் என்றால் 32 இன்ச்சின் பக்கம் உள்ள நியாயம் இந்த ஒன்றுதான். ஆனால் 32 இன்ச் திரையின் சட்டம் 700 மி.மீ.யைத் தாண்டும். 635 அகலக் கேபினட்டில் அது நுழையாது. நுழையும்படி அகலமாக்கினால் ஆர்கேட் போல இருக்காது, அலமாரி போல இருக்கும்.

27 இன்ச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. 635இல் இரண்டு 18 மி.மீ. பலகைகளைக் கழித்தால் மிஞ்சுவது 599. 27 இன்ச் பேனலின் ஒளிரும் பகுதி 598 மி.மீ. காகிதத்தில் பொருந்துவதாகத் தெரியும். மெல்லிய ஓரம் என்று விற்கும் மாடல்களிலும் சட்டத்தோடு சேர்த்து 609 முதல் 615 வரை வரும், ஆகவே நுழையாது. கேபினட்டைச் செய்து முடித்தபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. அப்போது மிஞ்சும் வழிகள்: பக்கப் பலகையின் உட்புறத்தில் ரௌட்டரால் 8 மி.மீ. ஆழம் குடைவது, அல்லது மானிட்டரின் சட்டத்தைக் கழற்றுவது. மெல்லிய மாடல்களில் பேனலைப் பிடித்திருப்பதே அந்தச் சட்டம்தான். கழற்றினால் வாரண்டியும் போகும், பேனல் ஓரம் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. நீங்கள் இன்னும் அறுக்கவில்லை. முதலில் மானிட்டர், பிறகு மரம். மானிட்டரைக் கையில் வைத்து அளந்து, இரு பக்கமும் தலா 7, 8 மி.மீ. விட்டு உள்ளகலத்தை முடிவு செய்யுங்கள். வெளியகலம் 666 ஆகும், 31 மி.மீ. கூடியது கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது பிக்சல் கணக்கு. 4கே (2160 வரி) என்றால் எப்போதும் மேல் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. பழைய ஆட்டங்களின் வரி எண்ணிக்கை 224, 240, 256, 288 என்று இருக்கும். திரையின் வரி எண்ணிக்கை அதன் முழு மடங்காக இருந்தால் ஒவ்வொரு பழைய பிக்சலும் ஒரே அளவில் விழும். இல்லாவிட்டால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் நிற்கும். அசையாத படத்தில் அது தெரியாது, பின்னணி நகரும்போது அலை அலையாகத் துடிக்கும். 1080 வரியை 240ஆல் வகுத்தால் 4.5, 288ஆல் வகுத்தால் 3.75. இரண்டும் மோசம். 1440 வரியில் 240க்கு சரியாக 6 மடங்கு, பேக்-மேனின் 288க்கு சரியாக 5 மடங்கு. அங்கே 4:3 படத்தின் அகலம் 1920. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் 384 பிக்சல் அகலம் அதில் சரியாக 5 மடங்கு, 320 அகல ஆட்டங்கள் 6 மடங்கு. 4கேயில் 240க்கு 9 மடங்கு சரியாக வரும், ஆனால் 288க்கும் 384க்கும் 7.5. பழைய 1280×1024 சதுரத்தில் 4:3 பகுதி 1280×960, அதாவது 320×240க்குச் சரியாக 4 மடங்கு. 1600×1200 திரையில் 5 மடங்கு. இந்த இரண்டு பழைய அளவுகளையும் ஆர்கேட் செய்பவர்கள் இன்றும் தேடிப்போவதற்கு இது ஒரு காரணம்.

எல்லா ஆட்டமும் பிடிகொடுக்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் 224 வரிதான். 1440க்கு அது 6.43 மடங்கு. அதற்கு ‘ஷார்ப் பைலீனியர்’ என்ற ஷேடரை (படத்தைத் திரைக்கேற்ப மாற்றிக் காட்டும் சிறு நிரல்) போட்டால் எல்லைப் பிக்சல்களை மட்டும் மெல்லக் கலந்து துடிப்பை அடக்கிவிடும். பழைய ட்யூபின் வரிக்கோடுகளைக் காட்டும் ஷேடர்களுக்கோ ஒரு பழைய வரிக்கு எத்தனை புதிய வரி கிடைக்கிறது என்பதுதான் எல்லாம். 1080இல் நாலரை வரியை வைத்துக்கொண்டு கோடும் ட்யூபின் புள்ளி அமைப்பும் சேர்த்துக் காட்ட முடியாது. 1440இல் 6 வரி, கோடு தெளிவாக வரும். 4கேயின் 9 வரியில்தான் புள்ளி அமைப்பும் நம்பும்படி வரும். அதை விரும்புபவருக்கு 4கே சரி, ஆனால் அதற்கான கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். கோடுகள் போட்டால் வெளிச்சம் பாதிக்கு அருகே குறையும். 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) மானிட்டர் அப்போது மங்கலாகத் தெரியும். 350க்கு மேல் பாருங்கள்.

பேனல் வகையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: டிஎன் என்ற பழைய, மலிவான எல்சிடி வகை வேண்டாம். நின்று ஆடுபவரின் கண் தரையிலிருந்து 1550 மி.மீ. உயரத்தில் இருக்கும்; திரையின் நடு 1200 வாக்கில் இருக்கும். அதனால்தான் திரையை 20 முதல் 30 பாகை வரை பின்னால் சாய்த்து வைக்கிறோம். பெரியவருக்கு அது நேராகத் தெரியும். அதே திரையை 1100 உயரத்தில் கண் உள்ள குழந்தை கீழிருந்து பார்க்கும். கீழிருந்து பார்த்தால் இருண்டு நிறம் தலைகீழாவதுதான் டிஎன்னின் இயல்பு. டிஎன்னை நிற்க வைத்தால் இன்னும் கெடும்: அந்தப் பலவீனமான பக்கம் இடமோ வலமோ போய்விடுவதால் ஒரு கண்ணுக்கு ஒரு நிறமும் மறு கண்ணுக்கு வேறு நிறமும் தெரியும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மேசை வகைக் கேபினட்டில் டிஎன் அறவே ஆகாது.

விஏ என்பது இன்னொரு எல்சிடி வகை, அதில் கறுப்பு நல்ல கறுப்பு. ஐபிஎஸ்ஸில் மாறுபாடு 1000:1 என்றால் விஏவில் 3000:1. பக்கக் கறுப்புப் பட்டைகள் அதில் மறைந்துவிடும். ஆனால் கறுப்பிலிருந்து அடர்நிறத்துக்கு மாறுவதில் விஏ மந்தம். விண்வெளி ஆட்டங்கள் எல்லாமே கறுப்புப் பின்னணி. நகரும் பொருள்களுக்குப் பின்னால் கரும்புகை போல ஒரு வால் நிற்கும். ஆகவே ஐபிஎஸ். பக்கப் பட்டைகள் இருட்டில் சாம்பலாகத் தெரிகின்றன என்ற குறையைக் கறுப்பு அட்டையால் மூடித் தீர்க்கலாம். ஓஎல்இடியில் படம் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் மேலே ஸ்கோர், கீழே உயிர் எண்ணிக்கை, நடுவில் ‘இன்சர்ட் காயின்’ என்று ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும் எழுத்து அதில் தழும்பாகப் பதியும். ஆர்கேட் ஆட்டத்தில் நிலையாக நிற்கும் பகுதி அதிகம், கேபினட்டை அணைக்காமல் விட்டுப்போவதும் வழக்கம். வேண்டாம்.

தாமதம் பற்றி. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். டிவியில் கேம் மோடு போடாவிட்டால் படத்தை மெருகேற்றும் வேலைகளால் 50 முதல் 100 வரை கூட ஏறும். அப்போது ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஒரு காம்போவும் விழாது. கேம் மோடில் 10 முதல் 20க்குள் வந்தால் ஆடலாம். மானிட்டர்கள் பெரும்பாலும் சில மில்லிசெகண்டிலேயே நிற்கும். பெட்டியில் போடும் ‘1 மி.செ.’ என்பது பிக்சல் நிறம் மாறும் வேகம். பொத்தானை அழுத்தியதற்கும் படம் வருவதற்கும் இடையிலான தாமதம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாறும் ரெஃப்ரெஷை நான் வலியுறுத்துவதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஆர்கேட் போர்டுகள் 60 ஹெர்ட்ஸில் ஓடியவை அல்ல. பேக்-மேன் 60.61, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சுமார் 59.64, ஆர்-டைப் 55.02, மார்ட்டல் காம்பாட் 54.71. நிலையான 60 ஹெர்ட்ஸில் மார்ட்டல் காம்பாட்டை ஓட்டினால் நொடிக்கு ஐந்து முறை ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை காட்டப்படும், நகர்வு விக்கும். வேகத்தை 60க்கு ஏற்றினால் ஆட்டமும் ஒலியும் வேகமாகிவிடும். மாறும் ரெஃப்ரெஷில் திரை 54.71க்கே இறங்கி வரும். இரண்டாவது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அந்த முறையில் ஒவ்வொரு ஃப்ரேமையும் 6.9 மில்லிசெகண்டில் மேலிருந்து கீழ்வரை வரைந்து முடிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 16.7 ஆகும். திரையின் அடியில் நடப்பது உங்களுக்குக் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் முன்பே தெரியும். பேக்-மேனில் கூட இது கையில் உணரக்கூடிய வித்தியாசம்.

இதற்குக் கணினியும் ஒத்துழைக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள்; பழைய எச்டிஎம்ஐ 1.4 துளையில் 1440 திரைக்கு 120 ஹெர்ட்ஸ் கிடைக்காது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மாறும் ரெஃப்ரெஷ் வேலை செய்யும். மேமுக்குப் பதில் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளில் ஆடினால் ‘சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதை இயக்க வேண்டும். மேமில் ‘வெயிட்விசிங்க்’, ‘சிங்க்ரெஃப்ரெஷ்’ இரண்டையும் அணைத்து, ‘லோலேட்டன்சி’யை இயக்குங்கள். மானிட்டரின் பட்டியலில் ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறுவதை விரைவாக்கும் அமைப்பு) நடுநிலையில் வையுங்கள். அது 144 ஹெர்ட்ஸுக்காகச் சீர்செய்யப்பட்டிருக்கும். 60இல் உச்சத்தில் வைத்தால் பொருள்களின் பின்னால் வெளிறிய நிழல் வரும். மாறும் ரெஃப்ரெஷ் இல்லாத 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் கைக்கு வந்தால் விண்டோஸில் 60க்கு இறக்குங்கள். 75இல் 60 ஃப்ரேம் ஆட்டம் நிச்சயம் விக்கும். ஃப்ரேம்களுக்கு நடுவே கறுப்புச் செருகி மங்கலைக் குறைக்கும் வசதியை 120 ஹெர்ட்ஸில் தொடர்ந்து போடாதீர்கள்: எல்சிடி ஃப்ரேமுக்கு ஒருமுறை மின்னழுத்தத்தின் திசையை மாற்றும், ஒன்று விட்டு ஒன்று கறுப்பானால் படமுள்ள ஃப்ரேம்கள் எல்லாம் ஒரே திசையில் விழுந்து பழைய படத்தின் நிழல் தங்கிவிடும். 180 ஹெர்ட்ஸில் இரண்டு கறுப்பு, ஒரு படம் என்று போட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது சுழற்சி. திரை கேபினட்டுக்குள் திரும்ப வேண்டுமானால் அதன் சட்டத்தின் மூலைவிட்டம் உள்ளகலத்துக்குள் அடங்க வேண்டும். 27 இன்ச் அகலத் திரையின் சட்டம் மூலைக்கு மூலை 710 மி.மீ.யைத் தாண்டும், 630க்குள் சுழலவே சுழலாது. 24 இன்ச் 630ஐத் தொட்டுவிடும். ஆனால் 20.1 இன்ச் 4:3 மானிட்டர் 560, 570க்குள் அடங்கும். உங்கள் பழைய 599 உள்ளகலத்திலேயே சுழலும். அதில் படுக்கை ஆட்டம் 408×306, நிற்கும் ஆட்டம் 306×408. இரண்டுமே 19 இன்ச் ட்யூபை விடச் சற்றுப் பெரியவை. இந்த வழியில் போவதானால் டெல் 2007எஃப்பி போன்ற 1600×1200 மானிட்டரைத் தேடுங்கள். அந்த மாடலே எஸ்-ஐபிஎஸ் (ஐபிஎஸ் வகை), எஸ்-பிவிஏ (விஏ வகை) என்று இரண்டு பேனல்களில் வந்தது. எஸ்-ஐபிஎஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிறிய மேசைமேல் கேபினட்டுக்கு 5:4இல் ஐபிஎஸ் பேனலும் எல்இடி விளக்கும் உள்ள டெல் பி1914எஸ், பி1917எஸ், ஐசோ எஸ்1934 ஆகியவை நல்ல தேர்வு. சுழலும் அமைப்பில் அச்சு வீசா துளைகளின் (மானிட்டரின் பின்னால் மாட்டுவதற்கென உள்ள நான்கு திருகுத் துளைகள்) நடுவில் விழ வேண்டும், 0 பாகையிலும் 90 பாகையிலும் தடுப்புக்கட்டை வேண்டும், கேபிளுக்குக் கால் மீட்டர் தளர்வு விட வேண்டும்.

பழைய மானிட்டர் வாங்குபவர்கள் (சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து கழித்தவை கிடைக்கும்) கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். குளிர்முனைக் குழல் விளக்குள்ள மாடல்கள் சூடேறும்வரை மங்கும், வயதானால் மஞ்சளிக்கும். முழுக் கறுப்பு, முழு வெள்ளை இரண்டையும் போட்டு ஓரக் கசிவையும் செத்த பிக்சலையும் பாருங்கள். விஜிஏ மட்டும் உள்ளதைத் தவிருங்கள். டிவிஐக்கு எச்டிஎம்ஐயிலிருந்து சாதாரண அடாப்டர் போதும், ஆனால் ஒலியைத் தனிக் கம்பியில் எடுக்க வேண்டும்.

எந்தத் திரையானாலும் வாங்குமுன் ஒரு சோதனை கட்டாயம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்குங்கள்; பத்து விநாடி கழித்துச் செருகுங்கள். தானாகப் படம் வர வேண்டும். கேபினட்டில் ஒரே சுவிட்சில் எல்லாம் எரிய வேண்டும். திரை காத்திருப்பு நிலையில் நின்றுவிட்டால் ஒவ்வொரு முறையும் பின்கதவைத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். மானிட்டர்களில் பெரும்பாலானவை கடைசி நிலையை நினைவில் வைத்திருக்கும். டிவிகளில் பல வைத்திருக்காது. சிலவற்றில் இதற்கு அமைப்புப் பட்டியலில் ஒரு தெரிவு இருக்கும். உங்கள் 32 இன்ச் டிவியை அகலத்துக்காக மட்டுமல்ல, இதற்காகவும் நான் ஒதுக்குவேன்.

பொருத்துவது எளிது. ஸ்டாண்டைக் கழற்றி, குறுக்கே 12 மி.மீ. ப்ளைவுட் பட்டை ஒன்றை வீசா 100×100 துளைகளில் எம்4 திருகால் பிடியுங்கள். வாஷரோடு சேர்த்து 20 மி.மீ. நீளத் திருகு போதும். சுமார் 7 மி.மீ. உள்ளே ஏறும். 30 மி.மீ. திருகை முடுக்கிப் பேனலைப் பின்னாலிருந்து குத்திக் கெடுப்பது அடிக்கடி நடக்கும் விபத்து. பட்டையின் இரு முனைகளையும் பக்கப் பலகையில் பதித்த கட்டைகளில் நீள்துளை போட்டு மாட்டினால் சாய்வைப் பிறகும் மாற்றலாம். பின்பக்கம் மேலே காற்றுப் போக ஒரு திறப்பு விடுங்கள். ஒலிபெருக்கிக் காந்தம் ட்யூபின் நிறத்தைக் கெடுக்கும் என்று பழைய வரைபடங்களில் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கும். எல்சிடிக்கு அந்தப் பயம் இல்லை.

முகப்புக் கண்ணாடிக்கு 4 அல்லது 5 மி.மீ. டெம்பர்டு கண்ணாடி. டெம்பர் செய்தபின் வெட்ட முடியாது, ஆகவே கேபினட் முடிந்தபின் அளந்து கொடுங்கள். அக்ரிலிக் மலிவு, ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். கண்ணாடிக்குப் பின்னால் 2 மி.மீ. கறுப்பு மவுண்ட் அட்டை. 27 இன்ச்சில் 4:3 படத்தின் இரு பக்கமும் தலா 75 மி.மீ. மிஞ்சும்; அட்டையின் சாளரத்தைப் படத்தை விட ஒவ்வொரு ஓரத்திலும் 2 மி.மீ. குறைவாக வெட்டினால் எல்லை தெரியாது. புதிய 16:9 ஆட்டங்களும் ஆட வேண்டுமென்றால் அட்டையைப் பேனலின் முழு அகலத்துக்கு வெட்டிவிட்டு, பக்கங்களை மேமின் ஓவியச் சட்டங்களால் நிரப்புங்கள். திரையைக் குறிவைத்துச் சுடும் ஆட்டங்களுக்கான சின்டன் வகைத் துப்பாக்கி வைக்கும் எண்ணம் இருந்தால் அட்டை படத்தின் ஓரத்தைத் தொடவே கூடாது: அந்தத் துப்பாக்கியின் கேமரா படத்தைச் சுற்றி வரையப்படும் வெள்ளைச் சட்டத்தைப் பார்த்துத்தான் குறி கணிக்கிறது, அதற்கு நான்கு பக்கமும் இடம் வேண்டும்.